நாலாம் நம்பர் ட்ராலியின் சக்கரங்கள்

தரையில் ஐந்தாறு கறைகள். பழுப்பும் சிவப்பும் கலந்த நிறம். ஈரத்தில் ஓரம் கலங்கி, நடுவில் மட்டும் கெட்டியாக இருந்தன. குனிந்து பார்த்த எனக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் வரவில்லை. வெற்றிலை எச்சில் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இடம், ஆந்திராவில், புத்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையை ஒட்டிய மாம்பழக் கூழ் ஆலை. மாவட்டத்தைப் பிரித்த பிறகும் எங்கள் லாரிக்காரர்கள் அதைச் சித்தூர் ஃபேக்டரி என்றே சொல்வார்கள். பழம் கழுவும் கூடம் அது. காலையிலிருந்து மாலை வரை தரையில் தண்ணீர் நிற்கும். மேலே ஆவி, கீழே வெந்நீர், நடுவில் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவிவிடும் வாடை. அங்கே உப்பு டப்பாவைத் திறந்து வைத்தால் மதியத்துக்குள் கஞ்சியாகிவிடும்.

வாயில் போடும் பொருளைத் தயாரிக்கும் இடத்தில் எச்சில். தரம் பார்ப்பது என் வேலை. கூழ் வாங்கும் கம்பெனிக்காரர்கள் அடுத்த வாரம் பார்வையிட வருவதாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். நாலாம் நம்பர் ட்ராலி நின்றது. அதைத் தள்ளுகிறவள் அலமேலு. அவள் வெற்றிலை போடுகிறவள்.

தோசையைத் திருப்பிப் பார்க்கிறவன்

இந்தத் தொடரை இதுவரை படித்தவர்களுக்கு என் குணம் தெரிந்திருக்கும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் எதையும் நம்பமாட்டேன். "தோசையைக்கூடத் திருப்பிப் பாத்துட்டுத்தானே சாப்பிடுறீங்க, அடியில என்ன ஒளிச்சு வெச்சிருக்கேன்னு?" என்று என் மனைவி கேட்பாள். கேட்டுவிட்டு, நான் திருப்பிப் பார்க்கிறேனா என்று பார்ப்பாள்.

கரூரிலிருந்து இந்த வேலைக்கு வந்த புதிதில் திருமலைக்கு நடந்து போகலாம் என்று இருவரும் கிளம்பினோம். மலையடிவாரத்து அலிபிரியில் செருப்பை விட வேண்டும். டோக்கன் கொடுத்துச் செருப்பை வாங்கி வைக்கிறவரின் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஒரு செருப்பை ஒரு மரத்தடியிலும் இன்னொன்றை நூறடி தள்ளி ஒரு சுவரோரத்திலும் விட்டேன். ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான் என்பது என் கணக்கு.

தரிசனம் முடிந்து இறங்கி வந்தபோது முதல் செருப்பு இருந்தது. இரண்டாவதை எந்தச் சுவரோரத்தில் வைத்தேன் என்பது மறந்துவிட்டது. வெயிலில் தார் ரோட்டில் ஒற்றைக் காலில் தத்தித் தத்தித் தேடினேன். என் மனைவி டோக்கனைக் கொடுத்துத் தன் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு, நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தாள்.

யாரும் திருடவில்லை. நானே தொலைத்தேன். அதிலிருந்து நான் எதையாவது கற்றுக்கொண்டேனா என்றால், இல்லை.

காந்தத்தோடு கடைக்கு

கறைக்கு வருவதற்கு முன்னால் சக்கரத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ஆலையில் ஆறு ட்ராலிகள். பழக் கிரேட்டுகளை அடுக்கித் தள்ளிப் போவதற்கானவை. பழைய ரப்பர் சக்கரங்கள் மாம்பழச் சாற்றிலும் வெந்நீரிலும் ஊறி, பிசுபிசுவென்று உப்பிப்போயிருந்தன. மாற்ற வேண்டும். வாங்குவது ஸ்டோர் பார்க்கும் பாஸ்கரின் வேலை. திருப்பதிக்காரர், தெலுங்குக்காரர், எந்நேரமும் சிரித்தபடியே இருப்பார். எந்நேரமும் சிரிக்கிற ஆளை நான் எப்படி நம்புவது? கடைக்காரரோடு ஏதோ உள்கை இருக்கும் என்று நினைத்தேன். "சக்கரத்தை நானே வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

பாஸ்கர் அதற்கும் சிரித்தார்.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே சக்கரம் மட்டுமே விற்கும் கடை ஒன்று. மருத்துவமனைக் கட்டில் சக்கரம், கல்யாண மண்டபத்து அண்டா வண்டிச் சக்கரம், எல்லாம் கூரையிலிருந்து தொங்கும். நான் சட்டைப் பையில் ஒரு காந்தம் கொண்டு போயிருந்தேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி முலாம் பூசிய இரும்பைத் தலையில் கட்டிவிடுவார்கள். காந்தம் ஒட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடைக்காரர் பெரியவர். இரண்டு மொழியும் பேசுவார். "தண்ணி நிக்கிற எடமா சார்?" என்று முதலில் அதைத்தான் கேட்டார்.

"ஆமாம். வெந்நீரும் உண்டு."

"அப்ப பால் பேரிங் வேணாம். புஷ் போட்டது எடுத்துக்கோங்க. நைலான் சக்கரம், நடுவுலயும் நைலான் குழாய்தான். இரும்பு உருண்டை இருக்காது. தள்றதுக்குக் கொஞ்சம் கனமா இருக்கும். ஆனா தண்ணிக்கு அதுதான் நெலைக்கும்."

சொல்லிவிட்டுப் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். பெட்டி முழுக்கத் தூசி. எனக்குப் பொறி தட்டியது. விற்காத சரக்கு. கொஞ்சம் கனமாக இருக்கும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வெளியூர்க்காரன் தலையில் கட்டப் பார்க்கிறார்.

"அது என்ன?" என்று கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளத்ததைக் காட்டினேன்.

"அது பால் பேரிங் சார். நல்ல மால்தான். ஆனா காஞ்ச எடத்துக்கு."

வாங்கி விரலால் சுண்டினேன். சத்தமே இல்லாமல் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. காந்தத்தை வெளித்தகட்டில் வைத்தேன். ஒட்டவில்லை. அசல் ஸ்டெயின்லெஸ். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்து நாலு சக்கரம் கட்டச் சொன்னேன். பெரியவர் இன்னொரு முறை ஏதோ சொல்ல வந்தார். நான் கேட்கவில்லை.

காந்தத்தை உள்ளே விட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சுழலும் கழுத்திலும் சக்கரத்தின் நடுவிலும் இருந்த உருண்டைகள் வெறும் இரும்பு. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

எனக்குப் புரிந்த ஒரே வார்த்தை

இரண்டு வாரம் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு அலமேலு வந்தாள்.

அலமேலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகலாபுரத்துக்காரி. கொஞ்சம் கரும்பு நிலம் உண்டு, அது போதாது. மாம்பழ சீசனில் தொடர்ந்து எங்கள் ஆலைக்கு வருகிறவள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் முப்பது பெண்களையும் சேர்த்து, எண்ணி, பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவருகிறவளும் அவள்தான். குரல் கணீரென்று இருக்கும். பஸ்ஸில் வெற்றிலை போடுவாள், கேட்டுக்கு வெளியே குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வருவாள். என்ன கொப்பளித்தாலும் உதட்டில் சிவப்பு இருக்கும்.

"சார், நாலாம் நம்பரு நவுர மாட்டேங்குது. கிர்ரு கிர்ருன்னு கத்திக்கினு கீது. கையெல்லாம் வலி" என்றாள்.

புத்தம் புதுச் சக்கரம், நானே தேடி எடுத்தது. இவளுக்கு வேலை செய்ய வலிக்கிறது என்று நினைத்தேன். "எண்ணெய் விடச் சொல்றேன், போம்மா" என்றேன். விடச் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் அந்தக் கறைகள். முதல் நாள் துடைக்கச் சொன்னேன். மறுநாள் மறுபடியும் வந்தன. எல்லாம் நாலாம் நம்பர் ட்ராலி போகும் பாதையில். அந்த ட்ராலிதான் கழுவும் தொட்டிக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் நடுவே நாள் முழுக்கத் தண்ணீரில் போய்வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதை யோசிக்கவில்லை. உதட்டைத்தான் யோசித்தேன்.

சாட்சி வேண்டும் என்று தேடினேன். தினமும் தரை கழுவும் ஆட்கள் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வைப்பார்கள். தெலுங்கில் எழுதுவார்கள். எனக்குத் தெலுங்கு படிக்க வராது, பேசினாலும் பாதிதான் பிடிபடும். பாஸ்கரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன்.

அவர் விரலை ஓட்டிப் படித்தார். "பைப்பு லீக்கு... பல்பு போயிந்தி... நாலுகோ ட்ராலி, துப்பு. மறுநாளும் அதே சார். நாலுகோ ட்ராலி, துப்பு."

துப்பு. அந்தப் பக்கம் முழுவதிலும் எனக்கு முழுசாகப் புரிந்த ஒரே வார்த்தை அது. என்ன அர்த்தம் என்று கேட்பேனா? தமிழனுக்குத் துப்பு தெரியாதா? "போதும்" என்று நோட்டை மூடினேன். பாஸ்கர் சிரித்தார். இந்தச் சிரிப்பையும் பார்த்து, இவருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது, சொல்லாமல் இருந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

நேராகக் கூடத்துக்குப் போனேன். ஆவியிலும் இயந்திரச் சத்தத்திலும் கத்தித்தான் பேச வேண்டும்.

"அலமேலு, இந்த ட்ராலிகிட்ட இருக்கறது துப்புதானே?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டே தரையைப் பார்த்தாள். "ஆமா சார், துப்புதான். எத்தினி நாளா நானே தொடச்சிக்கினு இருக்கேன்."

ஒப்புக்கொண்டாள். அதுவும் துளிக்கூட வெட்கம் இல்லாமல், தடயத்தை அழித்ததையும் சேர்த்து. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம்" என்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள் திரும்பி நடந்தேன். காரணம் கேட்ட கேட் காவலாளியிடம், "பழத்துகிட்ட எச்சில் துப்பறா" என்று நான்தான் சொன்னேன். சாயங்காலம் பஸ் கிளம்புவதற்குள் அது முப்பது பெண்களுக்கும் தெரிந்திருந்தது.

பூட்டிய அறை

அலமேலு வரவில்லை. கறை வந்தது.

அவளுடைய ஆள் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்படியும் ஒரு மனிதன் யோசிப்பானா என்று நீங்கள் கேட்கலாம். யோசித்தேன்.

அந்த வாரம் பழ வரத்துக் குறைவு, ஞாயிறு ஆலைக்கு ஓய்வு. சனிக்கிழமை சாயங்காலம் நாலாம் நம்பர் ட்ராலியைக் கழுவி, காலி டிரம் அறைக்குள் தள்ளினேன். நானே தள்ளிய முதல் தடவை அது. தோள் இறங்கிவிட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அடியில் பழைய காலண்டர் தாள்களை விரித்தேன். கதவைப் பூட்டி, இடுக்கில் காகிதம் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டேன். சாவி என் சட்டைப் பையில்.

திங்கட்கிழமை காலை காகிதம் கிழியாமல் இருந்தது. திறந்தேன். காலண்டர் தாளில் நான்கு கறைகள். நான்கு மூலையில், நான்கு சக்கரத்துக்கும் நேர் கீழே. அதே பழுப்பு, அதே சிவப்பு.

சத்தியமாகச் சொல்கிறேன், என் முதல் எண்ணம், ஜன்னல் வழியாக எவனோ வந்திருக்கிறான் என்பதுதான். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

மண்டியிட்டு விரலால் தொட்டு முகர்ந்தேன். வெற்றிலை வாசனை இல்லை, சுண்ணாம்பு இல்லை. பழைய தண்ணீர்க் குழாயின் வாடை. ட்ராலியைச் சாய்த்துச் சக்கரத்தைச் சுற்றினேன். கிர்ரென்று கத்தியது. உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகி என் கையில் வழிந்தது. கிரீஸ் முழுக்க வெந்நீரில் போய்விட்டிருந்தது. உருண்டைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

பின்னால் பாஸ்கர் வந்து நின்றார். எட்டிப் பார்த்தார்.

"துப்பு சார்" என்றார்.

"என்ன?"

"துப்பு பட்டிந்தி. ஐரனுக்கு வருமே சார், தண்ணி பட்டா. புக்குலகூட வாசிச்சேனே."

"துருவுக்கா துப்புன்னு சொல்வீங்க?"

"தெலுங்குல அப்படித்தான் சார். இங்க இருக்கற தமிழ்க்காரங்களும் அப்படித்தான் சொல்வாங்க. நீங்க என்ன நெனச்சீங்க?"

அலமேலு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது காதில் கேட்டது. அவள் துருவைச் சொல்லியிருக்கிறாள். என் சக்கரத்தின் துருவைத் தினமும் துடைத்திருக்கிறாள். அதற்கு நான் கொடுத்த கூலி, எச்சில் துப்பினாள் என்ற பழி.

நாகலாபுரம்

அன்று மதியமே பஸ் ஏறினேன். கோயிலைத் தாண்டி, கேட்டுக் கேட்டுப் போனேன். வாசலில் கரும்புத் தோகையைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவள் வீட்டுக்காரர் மாட்டைப் பிடித்துக்கொண்டு அப்பால் போய்விட்டார்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். காந்தம், பளபளப்பு, நோட்டு, வார்த்தை, எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வண்டிய ஒழுங்கா பாத்துக்கலன்னு நிறுத்திட்டியேன்னு நெனச்சேன் சார்" என்றாள் கடைசியில். "பஸ்ல ஏறினப்புறம் அவளுங்க சொல்லித்தான் தெரிஞ்சிது. துன்ற பழத்தாண்ட துப்புவனா சார் நானு?"

"தப்பு என்னோடது அலமேலு. நாளைக்கே வேலைக்கு வந்துடு."

"நேத்து பக்கத்து வூட்ல சீமந்தம். சோறு போடலாம்னு போனேன். என் கைலேர்ந்து கரண்டிய வாங்கிக்கினாங்க. சிரிச்சிக்கினேதான் வாங்கினாங்க. நீ குந்து அக்கான்னாங்க." தோகைக் கட்டை இழுத்து முடிச்சுப் போட்டாள். "எங்க நைனா ஊருக்கே சமைச்சிப் போட்டவரு சார். அவரு பொண்ணு கைல கரண்டி இருக்கக் கூடாதாம்."

"வேலைக்கு வரேன். வராம இன்னா பண்றது? ஆனா நீ பஸ்ல வந்து சொல்லணும். எல்லாரும் குந்திக்கினு இருக்கச்சொல்ல சொல்லணும். என்னாண்ட மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி?"

மறுநாள் காலை அந்தப் பஸ்ஸில் நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, முப்பது பெண்களின் முன்னால் சொன்னேன். கறை எச்சில் இல்லை, துரு. நான் வாங்கிய சக்கரத்தின் துரு. அலமேலு எதுவும் செய்யவில்லை. வார்த்தை புரியாமல் அவள் மேல் பழி போட்டது நான். தமிழில் சொன்னேன், பிறகு எனக்குத் தெரிந்த தெலுங்கிலும் சொன்னேன். என் தெலுங்கைக் கேட்டுப் பின் சீட்டில் சிரிப்பு வந்தது. துப்புக் கதை புரிந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அலமேலு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தள்ளுகிறவள்

இரண்டாவது முறை கடைக்குப் போனபோது காந்தத்தை எடுத்துப் போகவில்லை. பாஸ்கரையும் அலமேலுவையும் கூட்டிப்போனேன். பெரியவர் அதே தூசிப் பெட்டியை இறக்கினார்.

அலமேலு அங்கிருந்த வண்டி ஒன்றில் அந்தச் சக்கரத்தைப் போடச் சொன்னாள். மேலே பாஸ்கரை ஏறி நிற்கச் சொன்னாள். தள்ளிப் பார்த்தாள். "கனமாத்தான் கீது. ஆனா ஒரே மாதிரி கனம். பழகிப்போயிடும்" என்றாள். பிறகு, "இன்னும் பெரிசா வேணும். தரையில தண்ணி போற ஜல்லடையில சின்னது மாட்டிக்கினு வாரத்துக்கு ரெண்டு வாட்டி கிரேட்டு சாயும்" என்றாள். அந்தச் சல்லடையை நான் தினமும் தாண்டிப் போகிறவன். சக்கரம் வாங்கும்போது அது என் நினைவுக்கே வரவில்லை.

பெரிய நைலான் சக்கரம், நடுவில் புஷ், வெளித்தகடும் அச்சாணியும் ஸ்டெயின்லெஸ். நைலான் வெந்நீரில் கொஞ்சம் உப்பிக்கொள்ளும், அதற்கு இடம் விட்டுப் பூட்ட வேண்டும் என்று பெரியவர் சொன்னார். இந்த முறை குறித்துக்கொண்டேன். ஈரமான இடத்துக்குச் சக்கரம் தேடும் யாராவது இதைப் படித்தால், அந்தப் பெரியவர் சொன்னதே போதும். என் யோசனை எதுவும் வேண்டாம்.

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், தரையைப் பார்த்தார்கள், போனார்கள். கறை இல்லை. பாஸ்கர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆனால் அலமேலு வெற்றிலையை விட்டுவிட்டாள். உதட்டுச் சிவப்பு ஒரு வாரத்தில் போய்விட்டது. புதுச் சக்கரம் போட்ட மறுநாள் காலை, மற்றப் பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் போக, அவள் மட்டும் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். என்ன என்று கேட்டேன். வாயை அகலத் திறந்தாள். நாக்கை நீட்டினாள். இந்தக் கன்னத்தையும் அந்தக் கன்னத்தையும் விரலால் இழுத்துக் காட்டினாள்.

"என்னம்மா இது? வேணாம், மூடு" என்றேன்.

"பாத்துக்க சார். அப்புறம் ஒரு பேச்சு வரக் கூடாது."

கோபமாகச் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைக்கிறவள்போல் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாளும் வந்தாள். கெஞ்சினேன், திட்டினேன், இனி இப்படிச் செய்தால் வேலைக்கே வர வேண்டாம் என்றுகூட மிரட்டினேன். அந்த மிரட்டல் என் வாயிலிருந்து வந்ததும் எனக்கே அழுகை வந்தது. அவள் காத்திருந்தாள். நான் பார்க்காமல் உள்ளே போகமாட்டாள்.

சீசன் முடியும் வரை தினமும் காலை அவள் வாயைப் பார்த்தேன். ஒரு நாளும் அதில் எதுவும் இல்லை.